"பிரிந்து போங்கள்" வசனம் சக விசுவாசிகளைப் பத்தினது இல்ல

வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு, பைபிள்ல 2 கொரிந்தியர் 6:17ல வர்ற "பிரிந்து போங்கள்" வசனத்தைப் போட்டு, "வேற சபை விசுவாசிங்களோட பேசாதீங்க, ஐக்கியம் வேண்டாம், பைபிளே சொல்லுது"ன்னு. தப்புங்க. மூணு வசனம் மேல போய் 14ஐப் படிங்க, "அவிசுவாசிகளுடன்"னு தெளிவா இருக்கு, அதுக்கப்புறம் விக்கிரகம் பத்தி வருது, இந்தக் கடிதத்தை எழுதின பவுல் அந்த வரியை எடுத்ததே ஏசாயா 52:11ல இருந்து, அது சிறையிருப்பு முடிஞ்சு பாபிலோனை விட்டுக் கிளம்புற யூதர்களுக்குச் சொன்னது. பக்கத்துத் தெரு சபை அக்காவுக்கு இல்ல!

அப்போ விசுவாசிய விட்டு விலகவே கூடாதான்னா, அதுவும் இல்ல. 1 கொரிந்தியர் 5:11 இருக்கு, சகோதரன்னு சொல்லிக்கிட்டே வேசித்தனம், பொருளாசை, குடின்னு வாழுறவனோட சாப்பிடக்கூட வேண்டாம்னு. ஆனா மத்தேயு 18படி முதல்ல தனியா போய்ப் பேசணும், அப்புறம் ரெண்டொரு பேரோட, கடைசியாத்தான் சபை. நம்மாளுங்க நேரா பிளாக்தான். 2 தெசலோனிக்கேயர் 3:15 வேற, அவனைச் சத்துருவா எண்ணாம சகோதரனா எண்ணிப் புத்தி சொல்லுங்கன்னு சொல்லுது.

பவுலும் அவரோட ஊழியத்துல கூட இருந்த பர்னபாவுமே, மாற்குங்கிறவரைப் பயணத்துல கூட்டிட்டுப் போறதா வேண்டாமாங்கிற விஷயத்துல கடுமையா சண்டை போட்டுப் பிரிஞ்சாங்க, அப்போஸ்தலர் 15ல இருக்கு. ஆனா அதே மாற்கைத்தான் பின்னாடி பவுல் 2 தீமோத்தேயு 4:11ல கூட்டிட்டு வரச் சொல்றாரு.