அந்தப் பாதிக் கடிதம்

நேற்றிலிருந்து அந்தப் படம் எத்தனை பேர் சுவரில் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்காகச் சண்டை போட்ட படைத் தலைவர் ஜான் மாஸ்பியின் சீருடைப் புகைப்படம், பக்கத்தில் அவர் கடிதத்திலிருந்து ஒரு வரி, கீழே "எதிரணியில் இருந்தாலும் மனசாட்சி உள்ள மனிதர்". யார் போட்டது என்று உங்களுக்கே தெரியும். நான் கேட்டது ஒன்றுதான்: மீதிக் கடிதம் எங்கே? "குறை கண்டுபிடிப்பதே உங்களுக்கு வேலை" என்று பதில் வந்தது. அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வேறு. சரி.

தெற்கு போருக்குப் போனது அடிமை முறைக்காகத்தான் என்ற அந்த வரி அவர் எழுதியதுதான், மறுக்கவில்லை. 1907 ஜூன் 4, தன் படையில் இருந்த சாம் சாப்மனுக்கு. தென் கரோலினா மாநிலம் அமெரிக்காவிலிருந்து ஏன் பிரிந்தது என்று தென் கரோலினாவுக்குத் தெரியாதா என்றும் கேட்கிறார். கைதட்டுங்கள், நானும் தட்டுகிறேன். ஆனால் அதே கடிதத்தில்தான், அடிமை முறையின் பக்கம் நின்று சண்டை போட்டதில் எனக்கு வெட்கமில்லை என்கிறார். சரியோ தப்போ, சிப்பாய் தன் நாட்டுக்காகச் சண்டை போடுகிறான், தெற்குதான் என் நாடு என்கிறார். தன் குடும்பம் அடிமைகள் வைத்திருந்ததிலும் வெட்கமில்லையாம், அது பரம்பரையாக வந்ததாம். அப்படிப் பரம்பரையாக வந்த ஒருவர் பெயர் ஆரன் பர்ட்டன். மாஸ்பியோடு போருக்கும் போனவர். வயதான காலத்தில் அவருக்கு மாஸ்பி பணம் அனுப்பினாரே என்பீர்கள். அனுப்பினார். அதையும் போடுங்களேன், யார் வேண்டாம் என்றது?

எனக்குத் தாங்காதது வேறு. அந்தக் கடிதமே இந்த வெட்டி ஒட்டும் வேலையைத் திட்டி எழுதியதுதான். கிறிஸ்டியன் என்பவர் பழைய படைவீரர்களுக்காக ஓர் அறிக்கை எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு மாஸ்பி கொதிக்கிறார். மாஸ்பியின் சொந்த மாநிலமான வர்ஜீனியாவின் பழைய பெரியவர்கள் அடிமை முறைக்கு எதிராகச் சொன்னதை எல்லாம் எடுத்துப் போட்டவர், பின்னால் வந்தவர்கள் ஆதரித்துப் பேசியதை ஏன் போடவில்லை? தப்பியோடிய அடிமையைப் பிடிக்கும் சட்டத்தை எழுதியது வர்ஜீனியா செனட்டர் மேசன் என்பதை ஏன் சொல்லவில்லை? அடிமை முறைக்கு எதிராகப் பேசினாலே குற்றம் என்ற 1860ஆம் ஆண்டு வர்ஜீனியா சட்டத் தொகுப்பு எங்கே? அச்சு அசல் குறுக்கு விசாரணை. மனுஷன் வக்கீல் அல்லவா? சக மாணவனைச் சுட்டுவிட்டுச் சிறையில் இருந்தபோது, தன்மேல் வழக்கு நடத்திய அரசு வக்கீலிடமே புத்தகம் வாங்கிச் சட்டம் படித்தவர். அடிமை முறை பைபிளில் வரும் ஆதிப் பிதாக்கள் காலத்து ஏற்பாடு என்று கிறிஸ்டியன் சொன்னதற்கு, பலதார மணமும் சுன்னத்தும்கூட அப்படித்தான் என்று ஒரு குத்து. அப்படிப்பட்ட கடிதத்தைப் பாதியாக வெட்டி, பூப்போட்ட பார்டர் வைத்து, மனசாட்சியாம்!

"ஒரு படத்தில் எவ்வளவுதான் போட முடியும்?" இரண்டு படம் போடுங்கள். காசா கேட்கிறார்கள்?

"அப்போ உங்களுக்கு அவர்மேல் வெறுப்பு." இல்லை ஐயா. போர் முடிந்து, எதிரிப் படைத் தளபதியாக இருந்து பிறகு அமெரிக்க அதிபரான கிரான்ட்டை ஆதரித்து, ஊர்க்காரர்களிடம் துரோகிப் பட்டம் வாங்கியவர் என்பதும் எனக்குத் தெரியும். நான் தினமும் வேலைக்குப் போகிற 50ஆம் எண் சாலைக்கு, வர்ஜீனியாவின் லவுடன் மாவட்டத்தில் சில வருடம் முன்பு வரை அவர் பெயர்தான். அதை எடுத்தபோது சந்தோஷப்பட்டவன் நான். ஆனால் சாலைப் பலகையை மாற்றலாம், கடிதத்தை மாற்றக் கூடாது.

"அந்தக் காலத்தை வைத்துத்தானே அந்த மனிதரை எடை போட வேண்டும்?" இதையும் அவரே கடிதத்தில் சொல்கிறார். கொஞ்சம் கனமான கேள்விதான். ஆனால் ஆரன் பர்ட்டன் வாழ்ந்ததும் அதே காலம்தான்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். தாத்தாவின் நூற்றாண்டுக்குச் சித்தப்பா மலர் போட்டார். தாத்தா எழுதிய கடிதங்களை டைப் அடிக்கும் வேலை எனக்கு. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒரு கடிதத்தில், வயலில் வேலை பார்த்தவரைக் கொல்லை வழியாகவே வரச்சொல்லி, கூலியைக் கையில் தராமல் மண்ணில் வைத்ததைத் தன் தம்பிக்குச் சாதாரணமாக எழுதியிருந்தார், மழை பெய்தது என்கிற மாதிரி. அதையும் அடித்தேன். சித்தப்பா பக்கத்தைப் பார்த்தார். "இது எதுக்குப்பா, நல்லதா நாலு வரி இருக்கே, அது போதும்" என்றார். நானும் எடுத்துவிட்டேன். அடித்ததும் நான், அழித்ததும் நான். மலர் அழகாக வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

பிற்பாடு தாத்தாவுக்கு எப்போதாவது அதில் வெட்கம் வந்ததா, வேறு கடிதத்தில் ஏதாவது எழுதினாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. போன பொங்கலுக்கு ஊருக்குப் பேசியபோது சித்தப்பாவிடம் கேட்டேன். கரையான் பிடித்துவிட்டதாம். பெட்டியைக் காலி செய்து, காகிதத்தை எல்லாம் போகியில் போட்டாயிற்றாம்.