மதுராபதி சொன்ன பதில்

போன வாரம் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். 41 வயது, மாரடைப்பு. அவர் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெரியவர், நல்ல மனுஷர்தான், ஆறுதலாகத்தான் சொன்னார்: "எல்லாம் போன ஜென்மத்து வினைம்மா. அனுபவிச்சுத்தான் தீரணும்." அந்தப் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வினை என்று நாம் சொல்வது ஒரே சொல். ஆனால் அதை வைத்து வாழ்ந்தவர்கள் ஒரே பொருளில் சொல்லவில்லை. சமணருக்கு அது எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிவதுபோல உயிரில் ஒட்டும் நுண்துகள். தெரியாமல் ஓர் எறும்பை மிதித்துவிடக் கூடாது என்றுதான், வழியை மெல்லப் பெருக்கிக்கொள்ள, திகம்பர முனிவர் கையில் மயிற்பீலி. சைவ சித்தாந்திக்கோ வினை வெறும் சடம். அது தானாக வந்து யாரையும் பிடிக்காது, அதன் பலனை ஊட்டுவதற்குச் சிவன் வேண்டும். சிவன் வந்துவிட்டால் கூடவே அருளும் வந்துவிடும்.

புத்தர் எண்ணத்தையே வினை என்றார். அதைவிட எனக்குப் பிடித்தது, சீவகன் என்ற பரிவிராசகருக்கு, அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவிக்கு, அவர் சொன்ன பதில். மனிதன் படுவதெல்லாம் முன்வினைதான் என்கிறார்களே, சரியா என்று சீவகன் கேட்கிறார். புத்தர் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்தது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குவது. எட்டாவதாகத்தான் வினை! எல்லாமே முன்வினை என்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்று முடித்துவிடுகிறார். நம்மூரில் ஈ.சி.ஜி. எடுக்கும் முன்பே எட்டாவது காரணத்துக்குப் போய்விடுகிறோம்.

மறுபிறவி இல்லாத மதத்திலும் இந்தப் பெரியவர் உண்டு. பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடக்கும் யோபுவின் நண்பர்கள் மூன்று பேர். ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு நின்றிருக்கலாம். வாயைத் திறந்ததும் 'நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்' என்று ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது அவர்கள் மேல்தான்.

தன் கஷ்டத்துக்கு ஒருவர் 'என் வினை' என்று சொல்லிக்கொண்டால் நான் குறுக்கே வரமாட்டேன். என் பாட்டி அப்படிச் சொல்லியே பாதி வாழ்க்கையைத் தாண்டினாள். அடுத்தவர் பிணத்தருகே நின்று அதைச் சொல்ல மட்டும் நமக்கு உரிமை கிடையாது. ('கர்மா ஒரு பூமராங்' என்று ஸ்டேட்டஸ் போடும் நண்பர்களுக்கும் இதேதான்.)

சிலம்பை எடுத்துப் பார்த்தேன். ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்று முன்னுரையான பதிகத்திலேயே அறிவித்துவிட்ட காப்பியம். மதுரை எரியும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வந்து விளக்கம் சொல்கிறது: முற்பிறவியில் பரதன் என்பவனாக இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொல்ல வைத்தான், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணகி அந்தக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைக்கிறாள். கிழக்கு வாசலில் கணவனோடு நுழைந்தேன், மேற்கு வாசலில் தனியாகப் போகிறேன் என்கிறாள். நடக்கத் தொடங்குகிறாள்.