ஆமாங்க, பொட்டலம் மடிக்கிறவன்தான்

நேற்றைய பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். மற்றவர்களுக்கு: அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருளை, வேண்டியதெல்லாம் உள்ளே வைத்து ஒரே இன்ஸ்டாலராகக் கட்டிப் போட்டேன். அதற்கு ஒருவர் எழுதியது: "பிப் இன்ஸ்டால்னு ஒரு வரி அடிச்சா முடியற வேலைக்கு 300 எம்பியா? நீ புரோகிராமர் இல்ல, பொட்டலம் மடிக்கிறவன்." அதற்கு 40 சிரிப்புக்குறி.

ஒரு வரிதானே, அடிங்க. பிப் என்பது பைத்தான் மொழிக்கான நிரல்களை இறக்கித் தரும் கட்டளை. இங்கே அது கொண்டுவருவது பைடெசராக்ட் மட்டும். பைடெசராக்ட் வெறும் தரகர். எழுத்தைப் படிக்கிற டெசராக்டைத் தனியாக இறக்கணும். அதற்கும் தமிழ்க் கோப்பு இல்லாமல் தமிழ் தெரியாது. பைத்தான் போடும்போது 'பாத்' கட்டத்தில் டிக் விட்டுப்போனால், "பிப்பா, யாரு அது?" என்று கறுப்புத் திரை கேட்கும். எங்கே உங்கள் ஒரு வரி?

கோத்தகிரியில் ஒரு தமிழ் ஐயா, ரிட்டயர் ஆனவர். லேப்டாப்பை மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவருவார். வீட்டில் பழைய இதழ்கள், மலை ஈரத்தில் பூஞ்சை ஏறிக் கிடக்கின்றன. அதைப் படிக்க இதையெல்லாம் எப்படிப் போடுவதென்று போனிலேயே 3 சாயங்காலம் சொல்லிக் கொடுத்தேன். "தம்பி, அந்தக் கோடு எந்தப் பக்கம் சாயணும்?" மழை வந்தது, கரண்ட் போனது, பின்னாடியே டவரும் போனது. டவுன்லோடு மறுபடி முதலிலிருந்து. கடைசியில், "எனக்கு வயசாயிடுச்சு, விட்டுடுங்க" என்றார். தப்பு அவர்மேலாம்!

ஹெச்பி கம்பெனியில் 1985-ல் ஆரம்பித்து 2005-ல் திறமூலமாகத் திறந்துவிட்ட சரக்கு இந்த டெசராக்ட். இத்தனை வருஷமாக இலவசம். ஐயா கைக்கு வந்ததா?

என் லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, உபுண்டு என்கிற லினக்ஸ். பைத்தான் நிரலைத் தானே ஓடும் செயலியாகக் கட்டித் தரும் கருவி பைஇன்ஸ்டாலர். அதை லினக்ஸில் ஓட்டினால் லினக்ஸுக்குத்தான் கட்டும். அதனால் நண்பனின் பிரவுசிங் சென்டரில் ராத்திரி உட்கார்ந்து விண்டோஸில் கட்டினேன். ஒற்றைக் கோப்பாகக் கட்டினால் திறக்கும்போதெல்லாம் டெம்ப் ஃபோல்டரில் அவிழ்ந்து அவருடைய கிழட்டு மெஷின் மூச்சுவாங்கும். ஃபோல்டராகக் கட்டி, இன்ஸ்டாலர் செய்யும் இன்னோ செட்டப்பில் சுற்றினேன்.

உள்ளே இருக்கும் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வந்தால்? நான்தான் புதிதாகக் கட்டித் தரணும். நியாயம். தருவேன். அடுத்தது.

திறமூலக் கொள்கைக்கு விரோதமாம். டெசராக்டின் அப்பாச்சி 2.0 உரிமத்தைப் படித்துவிட்டு வாங்க. உரிமத்தாளைக் கூடவே வை என்கிறது, வைத்திருக்கிறேன். இன்ஸ்டாலரில் டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் விண்டோஸ் நீலப் பெட்டி காட்டி மிரட்டுகிறதாம். அந்தச் சான்றிதழுக்குக் காசு கட்டணும் சார், நீங்க கட்டறீங்களா? லினக்ஸுக்கு மாறச் சொல்கிறார் ஒருவர். அங்கே ஃபிளாட்பேக் என்ன, ஆப்இமேஜ் என்ன? வேண்டியதை உள்ளே வைத்துக் கட்டிய பொட்டலம்தான்!

அந்த வார்த்தைதான் உறுத்துகிறது. எங்கப்பா மார்க்கெட் மளிகைக்கடையில் 22 வருஷம் பொட்டலம் மடித்தவர். மேலே தொங்கும் நூல்கண்டை ஒரு இழுப்பு, இரண்டு சுற்று, பட்டென்று அறுப்பார். அடைமழையில் கட்டபெட்டு பஸ்ஸில் நசுங்கிப் போனாலும் மிளகுத்தூள் சிந்தாது. ஒரு வரியில் செய்து காட்டுங்க பார்ப்போம்.

இன்று காலை ஐயா போன். பென்டிரைவிலிருந்து தானே போட்டுக்கொண்டாராம். நன்றி கின்றி ஒன்றும் இல்லை, நேரே புகார்: "தம்பி, இது ழ-வை எல்லாம் மு-ன்னு படிக்குதே!"