பனிக்குப் பதினொரு வாக்கியம்

இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றை வைத்து, எழுத்து மட்டுமே வரும் சின்ன கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அலுக்குமே என்று பனிக்கு மட்டும் 11 வாக்கியம் எழுதி, எதையாவது எடுத்துப் போடு என்று கம்ப்யூட்டரிடம் விட்டேன்.

காலமெல்லாம் கொழுந்து பறித்த அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுக் கேட்டார்: "என்னடா, இத்தன பனி பெய்யுது, ஒன்னுலயும் கொழுந்து நனையலயே?"

சரிதானே. கொழுந்து நனைந்தால் தராசில் தண்ணிக்கென்று கிலோ கழிப்பார்கள். அம்மாவுக்குப் பனி என்றால் அந்தக் கணக்கு. நானோ ஒரே பனிக்குப் பதினொரு சட்டை தைத்திருக்கிறேன்.

4 தொடக்கம், 5 நடு, 5 முடிவு எழுதிக் கோர்த்தால் 100 வாக்கியம் கிடைக்கும். வாசிப்பவருக்கு மூன்றாவதிலேயே எலும்பு தெரிந்துவிடும். அதைவிட மோசம், "ஸ்டோர்க் கதவு லேசாகத் திறந்திருக்கிறது" என்று சும்மா ஒரு வரி வந்தால், யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்று அவர் தேடப் போவார். காரணமில்லாமல் மாறும் வரி பொய் சொல்கிறது என்பேன்.

தமிழ் தந்த தொல்லை வேறு. இடப்பெயரோடு "இல்" ஒட்டு என்றால் "லயம்இல்", "ஆறுஇல்" என்று வந்து நின்றது. லயத்து, ஆற்று என்று ஒவ்வொன்றுக்கும் இன்னொரு வடிவத்தைக் கையால் எழுதிவைக்க ஒரு ராத்திரி போனது.

வில் குரோதர் 1970களில் எழுதி, 1977இல் டான் வுட்ஸ் பெருக்கிய 'அட்வென்சர்' என்ற குகை விளையாட்டில் வழி தெரியாமல் சுற்றவைக்கும் புதிர்ப்பாதை ஒன்று உண்டு. அறைக்கு அறை ஏறக்குறைய அதே சொற்கள், வரிசைதான் கொஞ்சம் வேறு. அந்த வித்தியாசத்தைக் கவனித்தால்தான் எந்த அறையில் நிற்கிறோம் என்று தெரியும். அங்கே சொல் மாறினால் இடம் மாறிவிட்டது.

இப்போது எனக்குப் பனி நான்கே வாக்கியம். மாதம், நேரம், கூடையில் கொழுந்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் வரும். (முன்பு என் கேமில் ஜூலை என்றால் ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் ஒரே அடைமழை. பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் அப்போது வறண்டு கிடக்கும்; அந்தப் பக்கத்து ஆட்கள் சிரித்திருப்பார்கள்.) நனைந்த கூடையோடு தராசுக்குப் போனால் 2 கிலோ கழியும்.

நேற்று அம்மா மறுபடி விளையாடினார். தராசு வரை போய்விட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டா? மூணு போடு."