வேனில் கேட்ட கேள்வி: பாப்பாவுக்குப் பசும்பால் ஊத்தலாமா அக்கா?

கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்காருகிற பெண், போன வாரம் மாதனூர் தாண்டும்போது மெதுவாகக் கேட்டாள். "அக்கா, பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சிடுச்சு. பகல்ல பசும்பால் ஊத்தலாம்னு அத்தை சொல்றாங்க. ஊத்தலாமா?"

பேறுகால விடுப்பு 26 வாரம் முடிந்து அவள் வேலைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. காலையில் பள்ளிகொண்டாவில் வேன் ஏறினால் வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் பாப்பா என்ன குடிக்கும்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்கு வருகிற ஒவ்வொரு கைக்குழந்தைக்காரியும் ஒருநாள் கேட்கிற கேள்விதான் இது. டாக்டர்கள் இதை 'விழிப்புணர்வு இல்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பசும்பால் எங்கள் பிள்ளைகள் வாய்க்கு வந்தது அறியாமையால் இல்லை. ஏழு மணி வேனால்.

சரி, என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியவன் பிறந்தது 2015. அப்போது சட்டத்தில் 12 வாரம்தான் விடுப்பு. 2017-இல்தான் 26 ஆனது. சம்பளம் இல்லாமல் இன்னும் மூன்று மாதம் இழுத்துப் பார்த்தேன், முடியவில்லை. என் மாமியார் அதற்குள் பொய்கை செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போய், சீட்டுப் பணத்தைப் போட்டு ஒரு ஜெர்சி கலப்பு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பேரனுக்குப் பாக்கெட் பால் கூடாதாம். கறந்த சூடு ஆறுவதற்குள் காய்ச்சி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, பாட்டிலில் ஊற்றி வைப்பார். பையன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தூங்கிப்போவான். மத்தியானம் இன்னொரு பாட்டில். சாயந்திரம் இன்னொன்று. குழைந்த சோற்றை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். திருப்பாமல் என்ன செய்வான், வயிறு முழுக்கப் பால்!

கன்னமெல்லாம் உப்பி, பார்க்கிறவர்கள் எல்லாம் 'கொழுகொழுன்னு இருக்கான்' என்றார்கள். பதினோராவது மாதம் சுவர் ஓரம் தவழ்ந்துபோய்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்தான். கை வெளுத்துப்போயிருந்தது. நிறம் அப்பனைப் போல என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சளிக்காகப் போன இடத்தில் டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ரத்தசோகை. ஹீமோகுளோபின் 7.6. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும் என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அப்புறம்தான் நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அம்மாவிடமிருந்து இரும்புச் சத்தைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கையிருப்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு வரும். அதன்பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பசும்பாலில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. தாய்ப்பாலிலும் கொஞ்சம்தான், ஆனால் அதைப் பிள்ளையின் உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பசும்பாலின் கால்சியமும் புரதமும் மற்ற சாப்பாட்டில் இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் மறிக்கின்றன. ஒரு வயசுக்குள் நிறையக் குடித்தால் சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமும் கசியும். புரதம் தாய்ப்பாலைப்போல மூன்று மடங்கு; உப்புச் சத்தும் அதிகம். அவ்வளவையும் வடிகட்ட அந்தச் சின்னச் சிறுநீரகம் திணறும். அதிலும் நம்ம வேலூர் வெயிலில், பிள்ளைக்கு வயிற்றாலே போகிற நேரத்தில் நினைத்துப் பாருங்கள்.

தண்ணீர் கலந்தால் சரியாகிவிடும் என்று மாமியார் நம்பினார். சத்துதான் பாதியாகிறது, வயிறு அதே அளவு நிரம்புகிறது. கூடவே பாட்டிலும் நிப்பிளும் கொண்டுவருகிற கிருமி. பால் பாட்டிலுக்கு விளம்பரமே செய்யக்கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மாமியாரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த பெரிய பாசம் அந்தச் சொம்புதான். நானும்தானே சரி என்று தலையாட்டினேன். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஆறு மாத விடுப்பு கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சட்டப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். நான் வேலை செய்த ஒரு கம்பெனியில் அந்த அறையில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். பால் கட்டி மார்பு வலிக்கிறபோது டாய்லெட்டில் நின்று பீச்சிக் கீழே விட்டிருக்கிறேன். அந்தப் பாலைச் சுத்தமான டப்பாவில் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் இருக்கும், மறுநாள் பாலாடையில், அதான் பால் புகட்டுகிற சின்னக் கிண்ணத்தில், ஊற்றிக் கொடுக்கலாம். யார் சொன்னார்கள்? ஃபிரிட்ஜ்தான் எங்கே இருந்தது?

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

காலையில் கிளம்பும்முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, ராத்திரி முழுக்கத் தாய்ப்பால் கொடு. அதை நிறுத்தாதே. முடிந்தால் பீச்சி வைத்துவிட்டு வா. பகலில் பாட்டிலை நம்பாமல் கிண்ணத்தையும் ஸ்பூனையும் நம்பு. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, துணியில் வடிகட்டிக் கூழ் காய்ச்சுவது உன் அத்தைக்கே தெரியும். நம்ம ஊரில் கேழ்வரகு தெரியாத கிழவி உண்டா? ஆனால் அத்தோடு நிற்காதே. வேகவைத்த முட்டை, பாசிப்பருப்பு, மசித்த கீரையில் இரண்டு சொட்டு எலுமிச்சை. ஆட்டு ஈரல் கிடைத்தால் வாரத்தில் ஒருநாள் ஒரு ஸ்பூன். மாட்டுக்கறி சாப்பிடுகிற வீடென்றால் மைய வேகவைத்து மசித்துக் கொடு. கூழில் கொஞ்சம் பால், சோற்றில் கொஞ்சம் தயிர் இப்போதே போடலாம், தப்பில்லை. முதல் தடவை ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டு, உடம்பில் தடிப்பு, வாந்தி, மலத்தில் ரத்தம் ஏதாவது தெரிகிறதா என்று பார். டம்ளர் டம்ளராகக் குடிக்கிற பால் மட்டும் முதல் பிறந்தநாளுக்கு அப்புறம்.

தாய்ப்பால் இல்லவே இல்லாத பிள்ளைகள் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-இல், அப்படிப்பட்ட 6 முதல் 11 மாதப் பிள்ளைகளுக்குப் டின்னில் வருகிற குழந்தைப் பவுடர் பால் (ஃபார்முலா) அல்லது விலங்குப் பால், இரண்டில் எதையும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. குழந்தை டாக்டர்கள் பெரும்பாலும் ஒரு வயசு வரை பொறு என்றே சொல்கிறார்கள். டின் வாங்கக் காசில்லாத அம்மாவைக் குற்றவாளிபோல முறைக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. பாலை நன்றாகக் காய்ச்சட்டும், தண்ணீர் கலக்க வேண்டாம், இரும்பு சொட்டு மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்கட்டும். ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு தடவை 1 மில்லி இரும்புச் சத்து சிரப் கொடுக்கிற அரசுத் திட்டமே இருக்கிறது. கிராம செவிலியர் அக்காவிடம் கேளுங்கள், கேட்டால்தான் கிடைக்கும். கொடுக்க ஆரம்பித்ததும் மலம் கருப்பாகப் போகும். எங்கள் வீட்டில் அதைப் பார்த்து மாமியார் மாரியம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணி முடிந்தார்.

இடையில் ஒன்று. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் பீச்சி ஊற்றுகிறார்களே, அதற்கு ஐம்பது நூறு என்று கொடுக்கிறவர்கள், அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். காய்ச்சாத பால், கழுவாத கை.

ஒரு வயசுக்கு மேலும் பாலுக்கு அளவு உண்டு. நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்திவிட வேண்டும். கொழுப்பு எடுத்த பால் வேண்டாம். ஆவினில் நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5; சின்னவளுக்குப் பச்சைதான் வாங்கினேன். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்காமல் தள்ளிக் கொடுத்தேன். டம்ளரில்தான். பெரியவனிடம் பாட்டிலைப் பிடுங்கப் பட்ட பாடு இருக்கிறதே, அது தனிப் பதிவு.

தமிழ்நாட்டில் ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நம்மைப் பார்க்கிறவர்கள் இன்னும் 'பாப்பா பால் குடிக்குதா?' என்றுதான் கேட்கிறார்கள். 'இன்னா சாப்பிடுது?' என்று கேட்டு நான் யாரையும் பார்த்ததில்லை.

நேற்று அந்தப் பெண் வேனில் ஏறியதும் சொன்னாள். அத்தை ஒத்துக்கொண்டாராம், கேழ்வரகு முளைகட்டித் துணியில் தொங்குகிறதாம். முட்டையைத்தான் பாப்பா வாயில் வாங்கி அப்படியே துப்பிவிட்டதாம். "எத்தனை தடவை குடுத்தே?" என்றேன். "ரெண்டு தடவைக்கா." "பத்துத் தடவை குடு, அப்புறம் சொல்லு" என்றேன். சிரித்துக்கொண்டே ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். ராத்திரியெல்லாம் பாப்பா விட்டிருக்காது.