பரணில் ஒரு கேசட் இருக்கிறதா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய வீடியோ கேசட் ஏதாவது கண்ணில் பட்டால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சின்ன வயதில் அப்படி ஒரு கேசட்டில் பார்த்த படத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

1990 கோடை விடுமுறை. மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நோட்டு அட்டையில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று எழுதப் பழகிக்கொண்டிருந்தோம். காலை பத்து மணிக்கு மேல் தெருவில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. தெருப் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு கேசட் ஓட்டுகிற டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, கலர் டிவி இருந்த ஒரே வீட்டில் போய் உட்கார்ந்துவிடுவோம்.

கேசட் கடை அண்ணன் லேபிளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருப்பார். ஆங்கிலப் பெயரெல்லாம் எழுத அவருக்கு நேரம் இல்லை. 'கராத்தே', 'பாம்பு', 'பேய் இரண்டு'. நான் இத்தனை வருஷமாகத் தேடும் படத்துக்கு அவர் வைத்த பெயர் 'சின்னப் பசங்க புதையல்'. அதன் நிஜப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடலோர ஊர். கண்ணாடி போட்ட ஒரு பெண், அவள் தம்பி, கூட இரண்டு பையன்கள். பழைய சுவர்க் கடிகாரம் கீழே விழுந்து உடையும். அதற்குள்ளிருந்து ஒரு காகிதம். ஒரு பக்கம் பார்த்தால் வெறும் கோடு, திருப்பினாலும் வெறும் கோடு. பெரியவர்கள் குப்பை என்று தள்ளிவிடுவார்கள். அந்தப் பெண் மட்டும் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள். இரண்டு பக்கத்துக் கோடும் சேர்ந்து வழி தெரியும். அந்த இடத்தில் நாங்கள் ஆறு பேரும் மூச்சு விடவில்லை.

பேசுகிற இங்கிலீஷ் எங்களில் யாருக்கும் புரியாது. கீழே அரபியில் எழுத்து ஓடும். துபாய், சவுதியிலிருந்து லீவில் வந்தவர்கள் கொண்டுவந்த கேசட்டிலிருந்து காப்பி எடுத்தது அது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் மதரஸாவில் ஓதக் கற்றிருந்தான். எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் எல்லாம் தெரியாது. ஆனால் ஒரு இடத்தில் எழுந்து நின்று டிவியில் விரலை வைத்துக் கத்தினான்: "டேய், கன்ஸ்! கன்ஸுன்னா புதையல்டா!" அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். வெள்ளிக்கிழமை ஓதுகிற கஹ்ஃப் சூராவில் அந்தச் சொல் வருகிறதாம். அப்பா இல்லாத இரண்டு பையன்களுக்காக ஒரு சுவருக்கு அடியில் புதையல் இருக்கும், சுவர் விழப்போகிற நேரத்தில் ஒருத்தர் வந்து அதை நிமிர்த்திக் கட்டிவிட்டுப் போவார் என்று டிவியை நிறுத்திவைத்துவிட்டு முழுக் கதையையும் சொன்னான். அந்தக் கதை எனக்கு அந்தப் படத்தோடு சேர்ந்தேதான் ஞாபகம் இருக்கிறது.

மறுநாளே வேலூர்க் கோட்டைக்குப் போய்விட்டோம். போகாமல் எப்படி இருக்க முடியும்? அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்ததாகத் தாத்தா சொல்வார். உள்ளேயிருந்து விரிஞ்சிபுரம் வரைக்கும் சுரங்கம் போகிறது என்று ஊரே சொல்லும். திப்பு குடும்பத்தை வைத்திருந்த மகால், கண்டி ராஜா சிறையிருந்த கோட்டை, 1806 சிப்பாய்ப் புரட்சி என்று எங்கள் ஊரில் கதைக்குக் குறைச்சலே இல்லை. நோட்டுத் தாளில் இரண்டு பக்கமும் கோடு போட்டு, வெளிச்சம் ஊடுருவத் தேங்காய் எண்ணெய் தடவி, மதில்மேல் நின்று சூரியனுக்கு நேராகப் பிடித்தோம். வேலூரில் பிறந்ததற்காக நான் பெருமைப்பட்ட முதல் நாள் அது.

பிள்ளைகள் புதையல் தேடிப் போகிற இந்த மாதிரிச் சின்னப் படங்களை இப்போது மட்டமான நகல் என்று சொல்கிறார்கள். 1985இல் ஹாலிவுட்டில் ரிச்சர்ட் டோனர் எடுத்த புதையல் படம் 'தி கூனீஸ்' நன்றாக ஓடியது, அதைப் பார்த்து ஆளாளுக்கு எடுத்தார்கள், அவ்வளவுதானே என்கிறார்கள். கூனீஸ் எனக்கும் உயிர். அதன் கடைசியில் ஒரு பையன், ஆக்டோபஸ்தான் பயங்கரமாக இருந்தது என்பான். படத்தில் ஆக்டோபஸே வராது. கேசட் அறுந்து, கடையில் வெட்டி ஒட்டியதில் அந்த இடம் போய்விட்டது என்று வருஷக்கணக்காக நம்பினேன். படம் எடுத்தவர்களே அந்தக் காட்சியை நீக்கிவிட்டு வசனத்தை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனால் நகல் என்று தள்ளுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அந்தச் சின்னப் படங்களில் முடிவு எடுப்பது பிள்ளைகள். குகைக்குள் போவதா வேண்டாமா என்று அவர்களே சண்டை போட்டு, அவர்களே தீர்மானிப்பார்கள். காப்பாற்ற ஒரு ஹீரோ வரமாட்டார். நம் படங்களில் குழந்தை எதற்கு வருகிறது? திருவிழாவில் தொலைய, வில்லன் கடத்திக்கொண்டு போக, பிரிந்த அப்பா அம்மாவைச் சேர்த்து வைக்க. இவ்வளவு பெரிய கோட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு பிள்ளைகள் புதையல் தேடிப் போகிற ஒரு நல்ல தமிழ்ப் படத்துக்காக நான் இன்னும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன். 180 நிமிஷ டேப். முதலில் ஒரு தமிழ்ப் படம், இரண்டேகால் மணி நேரம். மீதி முக்கால் மணி நேரம் வீணாகாமல் இருக்க அண்ணன் இந்தப் படத்தை ஏற்றியிருந்தார். குகைச் சுவரில் அந்தப் பெண் ஒரு கல்லை அழுத்துவாள், கல் நகரும், அத்தோடு டேப் தீர்ந்துவிடும். உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஏழாவது தடவை எடுக்கப் போனபோது, "இன்னா பா, முடிவே இல்லாத படத்த எத்தினி வாட்டி பாப்ப?" என்று அண்ணன் கேட்டார்.

பிரிட்டனில் 1951இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் ஃபிலிம் ஃபவுண்டேஷன் சனிக்கிழமை காலைக் காட்சிகளுக்காக ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற படங்களை எடுத்துவந்தது. நீளத்தைக் கணக்குப் போட்டால் இதுவும் அந்த வகையாக இருக்கலாம். அவர்களுடையதில் என் கைக்குக் கிடைத்ததை எல்லாம் பார்த்துவிட்டேன், இது இல்லை. அந்தப் படங்களுக்காவது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. நேராக வீடியோவுக்கென்றே எடுத்த எத்தனையோ படங்கள் டிவிடியாகக்கூட வரவில்லை. தயாரித்த கம்பெனியும் மூடியிருக்கும். யார் வீட்டுப் பரணிலோ கிடக்கிற டேப்தான் மிச்சம். அதுவும் நாளுக்கு நாள் வீணாகிக்கொண்டிருக்கிறது. டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி கம்பெனியான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

அதனால் கேசட் கிடைத்தால் முதலில் அதன் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. டெக்கில் போடாதீர்கள், டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிற்கவைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். ஓடுகிற டெக் ஒன்று என்னிடம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றி, கேசட்டையும் காப்பியையும் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறேன், காசு வேண்டாம். கல்யாண வீடியோவாக இருந்தாலும் பரவாயில்லை, அதன் பின்னால் மிச்ச இடத்தில் என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று கடைசி வரை ஓட்டிப் பார்ப்பேன். லேபிளில் புதையல் என்று தமிழில் எழுதியிருந்தால் மட்டும் ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள்.