ஊசுட்டேரிக்கு ஒரு லென்ஸ், பிச்சாவரத்துக்கு ஒரு லென்ஸ்

ஐப்பசி மழை பிடித்து ஏரிகள் நிரம்ப ஆரம்பித்தாலே புதுவை, கடலூர் பக்கம் பறவைப் படம் எடுப்பவர்களிடையே இந்தக் கேள்வி கிளம்பிவிடும். 150-600 மி.மீ. மாதிரி ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸின் நீளத்தை) மாற்றிக்கொள்ளும் சூப்பர் டெலி ஜூம் லென்ஸ் வாங்குவதா, 400, 500, 600-இல் ஏதாவது ஒரே நீளத்தில் நிற்கும் ப்ரைம் லென்ஸ் வாங்குவதா? "ப்ரைம்தான் ஷார்ப்" என்பார் ஒருவர், "ஜூம்தான் வசதி" என்பார் இன்னொருவர். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துப் பணத்தை எடுக்காதீர்கள். நீங்கள் அதிகம் போகிற இடத்தில் பறவை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அந்தத் தூரம் மாறுகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

புதுவையை ஒட்டிய ஊசுட்டேரியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 800 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. நாம் கரையில், நாமக்கோழியும் புள்ளிமூக்கு வாத்தும் நடு ஏரியில். கிட்டே போகவும் முடியாது, சரணாலயத்தில் அப்படிப் போகவும் கூடாது. 150-600 வைத்திருப்பவர் வளையத்தை 600-க்குத் திருப்பினால் கிளம்பும் வரை அங்கேயேதான் நிற்கும். மீதி நீளத்துக்கு எடையை மட்டும் சுமக்கிறார். போதாததற்கு, இந்த ரக ஜூம்கள் பலவற்றுக்கும் அந்தக் கடைசி முனைதான் பலவீனம். முழுத் திறப்பான எஃப் 6.3-இல் இறகு வரிகள் லேசாகக் குழையும், திறப்பைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் தெளியும். ஆனால் அதற்கு மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தைக் கொடுக்க வேண்டும். நிக்கான் 500 எஃப் 5.6 பிஎஃப், இசட் 600 எஃப் 6.3 பிஎஃப் போன்ற எடை குறைந்த ப்ரைம்களை முழுத் திறப்பிலேயே நம்பி எடுக்கலாம். இரண்டுமே ஒன்றரை கிலோவுக்குள். சோனி 200-600 இரண்டு கிலோவுக்கு மேல், பழைய நிக்கான் 200-500 ட்ரைபாடில் பொருத்தும் காலரோடு 2,300 கிராம். முக்கால் கிலோ வித்தியாசம் கடையில் தெரியாது. ஆலா ஒன்று தலைக்கு மேலே வட்டமடிக்கும்போது லென்ஸை இறக்காமல் தொடர்ந்து பாருங்கள், தோள்பட்டை சொல்லும்.

ஏற்கெனவே ஜூம் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் ஒரு வேலை செய்யலாம். படங்களை அடுக்கி வைக்கும் லைட்ரூம் மென்பொருளில் ஒரு ஸ்மார்ட் கலெக்‌ஷன் போட்டு, கேமரா விவரங்களில் ஃபோக்கல் லெங்த் 550-க்கு மேல் என்று கொடுங்கள். எல்லாப் படங்களையும் சேர்க்காமல், நீங்கள் வைத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த படங்களில் மட்டும் தேடுங்கள். பத்தில் எட்டு அங்கே வந்து விழுந்தால் உங்களுக்கு ப்ரைம்தான். 250, 380, 450 என்று சிதறிக் கிடந்தால் ஜூமை விற்காதீர்கள்.

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் கணக்கே தலைகீழ். துடுப்புப் படகு குறுகிய வாய்க்காலில் திரும்பும்போது கருந்தலை மீன்கொத்தி ஐந்து மீட்டரில் சுரபுன்னை வேரில் உட்கார்ந்திருக்கும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் அந்தத் தூரத்தில் காட்டும் அகலம் 30 செ.மீ.கூட இருக்காது, உயரம் 20-க்கும் குறைவு. பறவையின் நீளமே கிட்டத்தட்ட 30 செ.மீ. வால் வெட்டுப்படும், இல்லையென்றால் அலகு. அதைவிடச் சிறிய க்ராப் சென்சார் என்றால் இன்னும் மோசம். படகு இன்னும் நெருங்கினால் ஃபோகஸே கிடைக்காது. இசட் 600 பிஎஃப்-க்குக் குறைந்தபட்சம் 4 மீட்டர் வேண்டும், கேனான் 400 எஃப் 5.6-க்கு 3.5 மீட்டர். நிக்கான் 200-500 2.2 மீட்டரிலேயே பிடிக்கும். படகில் இரண்டடி பின்னால் போய் எடுக்க இடம் ஏது? இங்கே ஜூம்தான், பேச்சே வேண்டாம். இன்னொன்று, மோட்டார் படகில் ட்ரைபாடோ மோனோபாடோ ஊன்றாதீர்கள். இஞ்சின் அதிர்வு கால் வழியாக நேராக லென்ஸுக்கு ஏறும். முழங்கையை விலாவோடு ஒட்டிக் கையில் பிடித்து, ஷட்டரை 1/1000-க்குக் குறையாமல் வைப்பது நல்லது.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் இறங்கும் நேரத்துக்குச் செம்பருந்து பாய்வது மூன்றாவது வகை. தூரமும் மாறும், பறவையும் நிற்காது. ப்ரைம் வாங்கியவர்கள் இங்கேதான் முதலில் திணறுவார்கள். 600 மி.மீ. பார்க்கும் கோணம் மூன்றரை டிகிரிகூட இல்லை, 200-இல் பத்து டிகிரி. ஜூமில் அகலமாக வைத்துப் பறவையைப் பிடித்துவிட்டு உள்ளே இழுக்கலாம். ப்ரைமில் அதற்குப் பயிற்சி வேண்டும். அதே தூரத்தில் உள்ள படகுக் கொடியிலோ கம்பத்திலோ முதலில் ஃபோகஸ் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து, பார்வையைப் பறவையிலிருந்து எடுக்காமல் கேமராவை முகத்துக்குக் கொண்டு வாருங்கள். ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் பொத்தானைத் தூரப் பக்கம் தள்ளிவிட்டால், குறி தவறினாலும் லென்ஸ் கிட்டத்துக்கு ஓடிப்போய்த் திரும்பி வரும் நேரம் மிச்சம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ஜூமைத்தான் சொல்வேன், காரணம் இந்தத் தேடல்தான்.

அதிக வெளிச்சம் வாங்கும் 600 எஃப் 4 ப்ரைம் பற்றியும் கேட்கிறார்கள். விடியற்காலையில் 1/2000 ஷட்டருக்கு எஃப் 6.3 ஜூம் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 4000 கேட்டால் இது 1600 கேட்கும். பின்னணியும் வேறு தரத்தில் கரையும். உண்மைதான். ஆனால் மூன்று கிலோ எடை, பத்து லட்சத்தைத் தாண்டிய விலை. படம் எடுத்துப் பிழைப்பவர் அல்லாதவர் கடன் வாங்கி இதை வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்த லென்ஸாலும் தீராதது கானல். வெயில் ஏறியபின் தண்ணீருக்கும் உப்பளத்துக்கும் மேலே சூடான காற்று அலையும். நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள பூநாரையின் கால் நெளிந்துதான் விழும். இதை லென்ஸ் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. சந்தேகமிருந்தால் அதிகாலையில், இருபது மீட்டரில் ஒரு அச்செழுத்துப் பலகையை எடுத்துப் பாருங்கள்.

நம் கடற்கரைக் காற்றையும் கணக்கில் சேருங்கள். திருகும்போது நீளும் ஜூம் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளிழுக்கும், கூடவே ஈரமும் நுண்தூசியும். ப்ரைமிலும், சோனி 200-600, நிக்கான் 180-600 போல உள்ளுக்குள்ளேயே நகரும் ஜூமிலும் இது குறைவு. நீளும் ஜூமானால் துறைமுகத்திலிருந்து வந்ததும் முழுதாக நீட்டி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் குழலைத் துடைத்து, காய்ந்த பிறகே மூடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கீறும். பிறகு டிரை பாக்ஸில் ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால், பின்மூடியைக் கழற்றி ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். ஓரிரு தூசி படத்தில் தெரியாது. சிலந்தி வலை போல நூல் ஓடியிருந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஜூம் என்றால் நடு நீளத்தில் வைத்துக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், தானே சரிந்து நீள்கிறதா பாருங்கள். கேனான் 400 எஃப் 5.6 மலிவாகக் கிடைக்கும், 1,250 கிராம்தான், பறக்கும் பறவைக்கு இன்றும் அருமை. ஆனால் அதில் அதிர்வுத் தடுப்பு கிடையாது என்பதைத் தெரிந்து வாங்குங்கள்.